நோட்டன் அணைக்கட்டில் ஒரு முதற்பாடம்

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், ஆசிரியப் பயிற்சி பெறும் கல்லூரி மாணவர் சிலருடன் நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டின் அருகே நின்றிருந்தேன். வெளிக்களப் பயணத்துக்குப் பத்திரிகைக்காரன் ஒருவனும் உடன் வரட்டும் என்று அவர்களது விரிவுரையாளர் என்னை அழைத்திருந்தார். கற்கோளம், நீர்க்கோளம், வளிக்கோளம், உயிர்க்கோளம் என்ற நான்கையும் வரைவிலக்கணத்தோடு ஒப்புவித்தார்கள். ஒரு சொல்லும் பிசகவில்லை. “நல்லது, இந்த நான்கும் எங்கே சந்திக்கின்றன?” என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் காலடியில்தான் சந்தித்துக்கொண்டிருந்தன.

பிழை மாணவர்களுடையதன்று. நமது உயர்தர வகுப்பில் கலைப்பிரிவு மாணவன் புவியியலைப் படிக்கிறான். விஞ்ஞானப் பிரிவு மாணவன் பௌதிகத்தையும் இரசாயனத்தையும் படிக்கிறான். ஆற்றை ஒருவனுக்கும் பாறையின் இரசாயனத்தை மற்றொருவனுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். பெயரிலேயே குழப்பம் வேறு. பாறைகளை ஆராயும் துறையை நாம் புவிச்சரிதவியல் என்கிறோம். தமிழ்நாட்டார் நிலவியல் என்கிறார்கள். பூமிக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று சொல்வதால் நம்முடைய சொல்லே எனக்குப் பிடிக்கும்.

நோட்டன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1974 டிசெம்பர் 4ஆம் திகதி சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரைப் பலிகொண்ட விமானம்தான். அந்த மாணவர்களும் அதைப் பற்றியே முதலில் கேட்டார்கள். எனக்கோ அந்த மலையை மறைத்து நின்ற முகிலைக் காட்டிப் பேசத் தோன்றியது. தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வந்து, இந்தச் சரிவுகளில் ஏறிக் குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. அருகிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. ஈரத்தை இங்கே இறக்கிவிட்ட அதே காற்று மலையைத் தாண்டி மட்டக்களப்புக்குப் போகும்போது வரண்ட கச்சான் காற்றாகிறது. மட்டக்களப்பான் புழுதியில் கண்ணைக் கசக்குவதற்கும் வட்டவளைத் தொழிலாளி கொங்காணியைப் போர்த்துவதற்கும் காரணம் ஒன்றே என்றபோதுதான் மாணவர்களின் முகத்தில் முதன்முதலாக ஒரு வியப்பைக் கண்டேன்.

இந்த மழையைக் காசாக்கலாம் என்று கணக்குப் போட்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. நீர்மின்சாரம் பற்றிய தமது கட்டுரையை அவர் 1918இல் சமர்ப்பித்தார். பழைய லக்ஷபான நிலையம் இயங்கியது 1950இல். காசல்ரீயில் தேங்கும் கெசல்கமு ஓயாவின் தண்ணீர், நோட்டனில் அவர் பெயர் தாங்கிய நிலையத்தைச் சுழற்றி, பின்பு லக்ஷபானவிலும் பொல்பிட்டியவிலும் மீண்டும் வேலை செய்து, களனி கங்கையாகக் கொழும்பின் குடிநீர்க் குழாய்களுக்குப் போகிறது. கொழும்பிலே விளக்கைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பவர் இரு வகையிலும் இந்த மலைக்குக் கடன்பட்டவர்.

மலையின் கதை இன்னும் பழையது. சென்னைப் பரங்கிமலையில் கிடைக்கும் ஒரு பாறைக்குச் சார்னொக்கைற் என்று பெயர். கல்கத்தாவில் ஜோப் சார்னொக்கின் கல்லறைக்கு அந்தக் கல்லையே வைத்திருந்ததால் வந்த பெயர் அது. நமது மலைநாட்டிலும் அவ்வகைப் பாறை மிகுதி. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் அண்டார்க்டிக்காவும் ஒரே நிலமாக இறுகிய காலத்தில், பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை இவை. மழையும் வெப்பமும் அந்தப் பாறையை உக்க வைத்து மண்ணாக்கின. அந்த மண்ணின்மீது காடு நின்றது. காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள், 1869இல் தலைகாட்டிய இலை நோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டையாவது விட்டுவையுங்கள் என்று கியூ தாவரவியற் பூங்காவின் ஹூக்கர் 1873இல் எழுதியிராவிட்டால் இந்த ஓயாக்களின் ஊற்றுக்கண்களும் போயிருக்கும். தேயிலைக்கென அழைத்துவரப்பட்ட நம்மவருக்கு லயம் கட்ட ஒதுக்கியதோ, கொழுந்துக்கு உதவாத ஓரங்களை.

நான் நிருபராக இருந்த நாட்களில் மண்சரிவுச் செய்திகளுக்கு ‘இயற்கையின் சீற்றம்’ என்று தலைப்பிட்டிருக்கிறேன். ஒரு முறையன்று, பல முறை. இன்று அதை நினைக்க வெட்கமாயிருக்கிறது. சரிவுக்குக் கோபம் வருவதில்லை. தண்ணீர் நிறைந்து பாரமான மண், கீழுள்ள பாறையின் பிடியை இழக்கிறது, அவ்வளவே. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவில் அகப்பட்டோர் அவர்களுள் பலர். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வகுத்திருக்கிறது. இந்த மூன்று எண்களை அறிந்த மாணவர் எத்தனை பேர் என்று அணைக்கட்டில் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை.

எனவேதான் சொல்கிறேன்: தமிழ் படிப்பவரோ கணக்கியல் படிப்பவரோ, கல்லூரிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதலாண்டிலேயே புவிவிஞ்ஞானம் ஒரே பாடமாகக் கற்பிக்கப்பட வேண்டும். பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பார்கள். உண்மைதான். நான்கு கோளங்களையும் தனித்தனியே மனனம் செய்யும் சுமையை இறக்கிவிட்டு, ஒரு நீர்நிலையின் கரையில் ஒரு நாள் நிற்க வைத்தால் அது குறையவே செய்யும். ஆய்வுகூடம் இல்லை என்பார்கள். மலையகக் கல்லூரிக்கு வேறு ஆய்வுகூடம் எதற்கு? மழையை அளக்க நேர்ப்பக்கங்கள் கொண்ட ஒரு போத்தலும் அடிமட்டமும் போதும்.

திரும்பும்போது பின்தங்கி வந்த ஒரு மாணவி மெல்லக் கேட்டாள்: “சேர், எங்க லயத்துக்குப் பின்னால ஒரு ஊத்து இருக்கு. எப்பவும் தெளிவா வரும். இந்த மழைக்குக் கலங்கி வருதுனு அம்மா சொன்னாங்க. அதுவும் இந்தப் பாடத்துல வருமா?”

வரும் என்றேன். ஊற்று கலங்குவதும், திடீரென வற்றுவதும், மரங்கள் சாய்வதும், இஸ்தோப்பில் புதிய வெடிப்புத் தெரிவதும் மண் நகர்வதற்கான அறிகுறிகளாக இருக்கலாம் என்று சொன்னேன். பஸ்ஸில் ஏறுமுன் அவள் தாய்க்குத் தொலைபேசியில் பேசினாள். அன்றிரவு உறவினர் வீட்டில் தங்குமாறும், விடிந்ததும் கிராம அலுவலரிடம் அறிவிக்குமாறும் தெளிவாகச் சொன்னாள். பக்கத்து லயத்தாருக்கும் சொல்லச் சொன்னாள்.