தரம் பிரிக்கக் கருவும் கொழுந்தோ?

குன்னூர்த் தொழிற்சாலைகளில் முற்றிய இலையைக் கழித்து இளங்கொழுந்தைத் தெரிந்தெடுப்பர். தூளான பின் சலித்துத் தரம் பிரிப்பர். தேயிலைக்கு அது தகும். மனிதக் கருவுக்கும் தகுமோ?

தென்னகத்தின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990இல் சென்னையில் பிறந்தது. அதன்பின் கருவை உடலுக்கு வெளியே வளர்க்கும் நுட்பங்கள் பெருகியுள்ளன. தாயின் கருக்குழாயில் இருப்பது போலவே ஆக்சிஜனை 5 விழுக்காடாகக் குறைக்கின்றனர், வெப்பத்தை 37 பாகையில் நிறுத்துகின்றனர், ஊட்டநீர்மத்தைச் சீராக்குகின்றனர். சில ஆய்வகங்களில் இன்குபேட்டருக்குள்ளே இருக்கும் கேமரா, கரு பிளவுறும் ஒவ்வொரு நிலையையும் படமெடுக்கிறது. ஐந்தாம் நாளில் தரமிடுகின்றனர். மேலானது கருப்பைக்கு; அடுத்தவை உறைநிலைக்கு; தேறாதவை கழிவுக்கு!

இதனைக் 'கருவின் வளர்ச்சியை மேம்படுத்தல்' என்கின்றனர். ஊட்டுவது மேம்படுத்தலே, மறுக்கவில்லை. ஆனால் தரமிடுவது நலிந்ததை வலிமையாக்குவதில்லை, ஒதுக்கவே செய்கிறது. உறைந்தவற்றின் கதி என்ன? பத்து ஆண்டுகளுக்கு மேல் சேமிக்கலாகாது. பின்னர் அழியவிட வேண்டும், அல்லது தம்பதியரின் இசைவுடன் ஆராய்ச்சிக்கு அளிக்க வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டுச் சட்டம். உயிருக்குக் காலாவதி நாள் குறிக்கும் உரிமையை நமக்கு அளித்தவர் யார்? திருச்சபை 1987இலும் 2008இலும் தந்த அறிவுரைகள் இதனையே கண்டித்தன. மகப்பேற்றுத் தடைகளை நீக்கும் மருத்துவத்தை அவை தடுக்கவில்லை, தத்தெடுத்தலைப் போற்றுகின்றன. ஆய்வகத்தின் வழியே பிறந்த குழந்தையும் இறைவனின் சாயலே. அதனை இழித்துரைப்பது பாவம்.

ஆயினும், கல்லை ஆய்வகத்தின்மீது மட்டும் எறிந்துவிட்டு நாம் தப்ப முடியாது. நம் மலைத் தம்பதியர் கடன் வாங்கிக் கோவைக்கும் சென்னைக்கும் இறங்குவது ஏன்? வளைகாப்புக்கு அவளை அழைக்காதவர் யார்? திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில், "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று வாரந்தோறும் கேட்பவர் யார்? அன்னாவை அழவைத்தது குழந்தையின்மை மட்டுமன்று, பெனின்னாவின் நாவுமாகும். அந்த நாவு நம் அன்பியங்களில் இன்றும் அடங்கவில்லை.

கருவைத் தரம் பிரிப்பது தவறெனில், பெண்ணைத் தாயென்றும் மலடியென்றும் தரம் பிரிப்பதும் தவறே. முதலில் நம் சல்லடையைக் கீழே வைப்போம். அதன்பின் ஆய்வகத்தை நோக்கிப் பேசுவோம்; அப்போதுதான் நம் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.