மார்கழியிலும் ஃபேன்



எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி ஃபேனைப் பற்றித்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். கூடத்தில் ஒரே ஒரு ஃபேன். அம்மாவுக்கு அப்போது 47, 48 வயது இருக்கும். மார்கழிக் குளிரில் நாங்களெல்லாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, அம்மா நள்ளிரவில் எழுந்து ரெகுலேட்டரை ஐந்தில் வைப்பாள். அப்பா எழுந்து ஒன்றுக்குக் குறைப்பார். "மார்கழியில எவளுக்காவது வேக்குமா?" என்பார். அம்மா பதிலே பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டு சிமெண்டுத் தரைக்குப் போய்விடுவாள். சில ராத்திரி கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கும். விடிந்து பார்த்தால் வேறு சேலையில் இருப்பாள். அம்மா சிடுசிடுப்பாகிவிட்டாள், தொட்டதற்கெல்லாம் கோபப்படுகிறாள் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் சேர்ந்துதான் பேசினேன்.

எனக்கு 49 வயதில், உறவுக்காரர் கல்யாணத்தில், ஏசி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பியது. கழுத்து வழியே முகத்துக்கு ஏறி, காது மடல் வரைக்கும் எரிந்தது. பட்டுச் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இதயம் படபடவென்று அடித்தது. மூன்று நிமிடம் இருக்கும். அப்புறம் அதே வேர்வை குளிர்ந்து உடம்பு நடுங்கியது. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: "ஒனக்கும் வந்துட்டா?"

அக்டோபர் 18ஆம் தேதி உலக மெனோபாஸ் தினம். அதற்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, என் மேஜையில் சேர்ந்திருக்கும், வாசகிகளாகிய உங்கள் கடிதங்கள். பெயர் போட வேண்டாம் என்ற குறிப்போடு வந்தவையே அதிகம். பள்ளி ஆசிரியை, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர், மருமகள் வந்துவிட்ட வீட்டில் இதை எப்படிப் பேசுவது என்று தவிப்பவர். கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: "மாத்திரை மருந்து இல்லாமல், இயற்கையாகவே சரிபண்ண வழி இருக்கிறதா?"

அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 45 வயதுக்குள் நாம் போதுமான அளவு ஊசியும் மாத்திரையும் பார்த்துவிட்டோம். இதற்கும் ஒரு மாத்திரையா என்ற சலிப்பு நியாயமானது. நான் படித்ததையும், மருத்துவர்களிடம் கேட்டதையும், என் உடம்பில் பட்டதையும் உள்ளபடியே சொல்கிறேன்.

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால் அது நின்றுவிட்டது என்று கணக்கு; அதுதான் மெனோபாஸ். நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது; மேலை நாடுகளில் 51. ஆனால் தொல்லைகள் அதற்குச் சில வருடம் முன்பே தொடங்கிவிடும். தேதி தள்ளும், முந்தும், சில மாதம் கொட்டும், சில மாதம் துளிகூட இருக்காது. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கித் தடுமாறுகிறது. மூளையில் உடல் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் ஹைபோதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அதற்குப் பொறுமை குறைந்துவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட அரை டிகிரி மாற்றத்தைக்கூடப் பெரிய வெயிலாக எடுத்துக்கொண்டு, தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு வேர்வையைக் கொட்டச் சொல்கிறது. அம்மாவுக்கு மார்கழியில் வேர்த்ததன் காரணம் இதுதான். கோபம் அல்ல, வீம்பும் அல்ல.

இது எத்தனை நாள் இருக்கும்? அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், அடிக்கடி சூடு வந்தவர்களுக்கு அது சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. "ரெண்டு மாசத்துல போயிரும், பொறுத்துக்கோ" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஏழு வருடம் ஒருத்தி அரைத் தூக்கத்தில் எழுந்து, சமைத்து, வேலைக்குப் போய், பிறர் கோபத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதைப் பொறுமை என்ற பெயரில் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி சமையல்கட்டுக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் கேட்டிருப்பது சோயாவைப் பற்றி. ஜப்பான் பெண்களுக்கு இந்தச் சூடு குறைவாம், அவர்கள் சோயா சாப்பிடுவதால்தானாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற, ஈஸ்ட்ரோஜன் சாயல் கொண்ட பொருள் இருப்பது உண்மை. அதைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் மாற்றிக் கொடுத்தால்தான் முழுப் பலன். எல்லாருடைய குடலிலும் அந்த நுண்ணுயிர் கிடையாது. சோதனைகளில் சிலருக்குக் கொஞ்சம் குறைந்தது, பலருக்கு வித்தியாசமே இல்லை. ஆகவே மீல் மேக்கர் குழம்பை ஆசையாகச் சாப்பிடுங்கள், புரதம் கிடைக்கும். சூடு தணியும் என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஆளிவிதையும் அப்படித்தான். நார்ச்சத்துக்கு நல்லது, சூட்டைத் தணிப்பதாகச் சோதனையில் தெரியவில்லை.

நம் உளுந்தங்களியைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? நான் வயசுக்கு வந்தபோது ஆச்சி கருப்பட்டியும் உளுந்தும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டி, நான் விழுங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இடுப்பு எலும்புக்கு என்பாள். எலும்பு உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் வயது 50தான். ஈஸ்ட்ரோஜன் போனபின் முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. அந்த வயதில் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட யாரும் இல்லை. நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கிடைக்கும். எள்ளில் அதைவிட மிக அதிகம், ஆனால் நாம் தொட்டுக்கொள்வது ஒரு கரண்டிப் பொடி. முருங்கைக்கீரை, தயிர், முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலி எல்லாம் சேர்ந்தால் கணக்கு நிறையும். கூடவே வெயில் கொஞ்சம் உடம்பில் பட வேண்டும். நடை வேண்டும், மாடிப்படி வேண்டும், கொஞ்சம் பளு தூக்கவும் வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள் களியில் கருப்பட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள், கருப்பட்டியும் இனிப்புதான்.

யோகாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் பலருக்கு உதவுகிறது, சூடு வருவதை நிறுத்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உடல் எடை கூடியவர்களுக்கு எடை குறைந்தால் சூடும் குறைகிறது. இன்னொன்று, நம் ஊரில் அதிகம் பேசப்படாதது, எண்ணங்களைப் பழக்கும் உளவியல் பயிற்சி. சூடு ஏறும்போது "எல்லாரும் என்னையே பாக்காங்க" என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பே படபடப்பைக் கூட்டும். அதைக் கவனித்து மாற்றப் பழகியவர்களுக்குச் சூடு தரும் வேதனை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனக்கு இது உதவியது. மண்டபத்தில் நடுங்கிய நான், இப்போது கூட்டத்தின் நடுவிலும் "சூடு வருது, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு விசிறியை எடுத்துக்கொள்கிறேன்.

ராத்திரிக்குப் பருத்தி நைட்டி, தலைமாட்டில் சொம்புத் தண்ணீர், மாற்றுத் துணி. எது உங்களுக்குச் சூட்டைக் கிளப்புகிறது என்று பார்க்கத் தினசரி காலண்டர் தாளில் குறித்து வாருங்கள். சிலருக்குக் காபி, சிலருக்குக் காரக் குழம்பு, சிலருக்கு வீட்டுச் சண்டை. மாதவிலக்குத் தேதிக்குப் புள்ளி வைத்த பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறதே.

கடிதங்களில் சிலர் வெட்கத்தோடு ஒரு வரியில் மட்டும் தொட்டுச் சென்ற விஷயம், பிறப்புறுப்பு வறட்சி. எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று. சூடு பெரும்பாலும் காலப்போக்கில் அடங்கிவிடும். இது அடங்காது, கவனிக்காவிட்டால் கூடும். சோப்பு போட்டுக் கழுவுவதை விடுங்கள், வெறும் தண்ணீர் போதும். வழவழப்புக்கான ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கிறது. போதாதென்றால் மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் உள்ள களிம்பை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். 55 வயதில் இதைக் கேட்பது தப்பு என்று நினைத்து வலியோடு வாழும் தோழியே, தப்பே இல்லை.

இப்போது நான் கவலையோடு எழுதும் இடம். "மூலிகை, பக்க விளைவு இல்லை" என்று சொல்லி கூரியரில் வரும் பொடிகள். ஒரு வாசகி அனுப்பிய டப்பாவில் உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம்கூட இல்லை. மூலிகை என்பதாலேயே அது பாதுகாப்பாகிவிடாது. அமுக்கரா நல்ல மூலிகைதான். ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ஹார்மோன் அளவை மாற்றலாம், அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் முறையாகப் படித்த சித்த மருத்துவரிடமே போங்கள். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நாடி பார்த்து, நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் கேட்டுத் தருவது மருந்து. முகம் தெரியாதவர் அனுப்பும் டப்பாவை நான் மருந்தென்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சூட்டுக்கான சோதனைகளில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை வாங்கியவர்களுக்கும் கணிசமாகக் குறைந்திருக்கிறது. இதைப் படித்தபோது நான் நெடுநேரம் யோசித்தேன். வாரம்தோறும் ஒருவர் உட்கார்ந்து "எத்தனை தடவை வந்தது, தூங்கினீர்களா" என்று கேட்டதிலும் கொஞ்சம் குணம் இருந்திருக்க வேண்டும் என்று என் மனதுக்குப் படுகிறது.

இந்தச் சூட்டுக்குத் தரப்படும் ஹார்மோன் மாத்திரையைப் பற்றிய பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2002இல் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையின், 16,608 பெண்கள் இருந்த ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. உலகமே அந்த மாத்திரையைத் தூக்கி எறிந்தது. அந்தச் சோதனைக்கு வந்த பெண்களின் சராசரி வயது 63. கூடுதலாகத் தெரிந்தது ஆண்டுக்கு 10,000 பெண்களில் ஏறத்தாழ 8 பேர். 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று 10 ஆண்டுக்குள் அதைத் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு நன்மையே அதிகம் என்பதே இன்று மருத்துவர்களின் கருத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், ரத்தம் உறையும் கோளாறு, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் பொதுவாக இது தரப்படுவதில்லை. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் இருக்கின்றன. வேண்டாம் என்று முடிவெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பயத்தில் எடுக்காமல், தெரிந்து எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சில விஷயங்களில் கஷாயத்தோடு காத்திருக்கவே கூடாது. ஒரு வருடம் நின்றபிறகு மறுபடி ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே மகளிர் மருத்துவரிடம் போங்கள். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். ராத்திரி வேர்வையோடு காய்ச்சல், விடாத இருமல், எடை குறைவு இருந்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். படபடப்பும் சோர்வும் தைராய்டாகவோ ரத்தசோகையாகவோ இருக்கலாம். அதிகம் கொட்டுகிறது என்றதும் "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், அவசர நிலை இல்லாதபோது இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் படிப்படியாக வரவேண்டியது மறுநாளே வந்து நிற்கும். எலும்புக்கும் இதயத்துக்கும் அது சுமை.

நான் முதலில் போன மருத்துவர், "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். வெளியே வந்து ஆட்டோவில் அழுதேன். இரண்டாவதாகப் போனவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எப்பத் தொடங்கிச்சு, சொல்லுங்க" என்றார். எனக்கு அங்கேயே பாதிப் பாரம் இறங்கியது. பிள்ளை உண்டானபோது நம் எடையையும் ரத்த அளவையும் மாதம் தவறாமல் எழுதி வைத்த அரசாங்கப் பதிவேடு, பிள்ளை பெற்று முடித்ததும் நம்மை மறந்துவிடுகிறது. சர்க்கரை, பிரஷர் பார்க்க வீடு தேடி வரும் சகோதரிகளிடம் இதையும் நாமே சொல்லத் தொடங்குவோம்.

அம்மாவுக்கு இப்போது 79. போன பொங்கலுக்குப் போனபோது, அந்தக் காலத்தில் என்னதான் செய்தாய் என்று கேட்டேன். பின்கட்டுத் தரையில் முந்தானையை நனைத்து நெஞ்சில் போட்டுக்கொண்டு படுப்பாளாம். பக்கத்து வீட்டு அத்தையும் அதே நேரம் அவர்கள் கிணற்றடியில் இருப்பாராம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களாம். எதுவும் பேசிக்கொண்டதில்லையாம்.

அடுத்த இதழில் ஒரு மகளிர் மருத்துவரும் ஒரு சித்த மருத்துவரும் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்கள். பெயர் வேண்டாமென்றால் ஊரை மட்டும் எழுதுங்கள், அதுவும் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று ஓர் ஆணுடையது. பஸ் கண்டக்டர். மனைவி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுகிறார், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு அன்றே பதில் எழுதிவிட்டேன்: "எழுந்து பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், காலையில் மருத்துவரிடம் கூடவே போங்கள். ஃபேன் அவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். உங்களுக்குக் குளிர்ந்தால் கனமான போர்வையாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்."

அன்புடன்,
ஆசிரியர்