ஒரு பை மணல் எதற்குச் சாட்சி?

பல்கலைக்கழகங்களின் ஆலோசனைப் பிரிவுகளுக்கும் தொழிற்சோதனைக் கூடங்களுக்கும் மணல் பெரும்பாலும் ஒரு பாலிதீன் பையில் வந்து சேர்கிறது. எந்தக் குவியலில், எந்த ஆழத்தில், யார் கையால் எடுக்கப்பட்டது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. மணல் உலர்த்தப்படுகிறது, சலிக்கப்படுகிறது, தசமத்திற்கு இரண்டு இடங்கள் வரை எடையிடப்படுகிறது. அறிக்கையின் அடியில், "முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்" என்றொரு வரி. மாதிரியைத் தான் எடுக்காத ஆய்வகம் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017 தரநிலையின் விதிதான். அவ்வரி ஆய்வகத்தைக் காக்கிறது. அறிக்கையை நம்பி லாரி லாரியாக மணலை இறக்குபவரை அது காப்பதில்லை.

மணல் ஒருபடித்தான பொருளன்று. குவியலாகக் கொட்டும்போது பருமணிகள் சரிவில் உருண்டு அடிவாரத்தில் தங்குகின்றன. நுண்துகள்கள் நடுவில் நின்றுவிடுகின்றன. மேற்பரப்பு காற்றில் உலர, உட்பகுதி ஈரமாகவே இருக்கிறது. எனவே அடிவாரத்தில் அள்ளிய பையும் நடுவில் அள்ளிய பையும் ஒரே குவியலைப் பற்றி இருவேறு கதைகளைச் சொல்லும். கான்கிரீட்டுக்கான இயற்கை மணலில் 75 மைக்ரானிலும் நுண்ணிய துகள் 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது ஐஎஸ் 383. அந்த எல்லையின் எப்பக்கம் முடிவு விழுகிறது என்பதைச் சில வேளைகளில் மண்வெட்டி விழுந்த இடமே தீர்மானித்துவிடுகிறது.

பையைப் பகுக்கும் முறையிலும் இதே சிக்கல் உண்டு. பருமணலும் நுண்மணலும் 60:40 என்ற அளவில் கலந்த கலவையைக் கொண்டு ஆலன், கான் இருவரும் 1970இல் வெளியிட்ட ஒப்பீடு புகழ்பெற்றது. கூம்பாகக் குவித்து நான்காகப் பகுக்கும் முறையில் திட்ட விலக்கம் 6.81 விழுக்காடு, கரண்டியால் அள்ளியபோது 5.14, சுழல் ரிஃப்லரில் வெறும் 0.125. எனினும் குவித்துப் பகுக்கும் முறையே இன்றும் நம் செய்முறை வகுப்புகளில் முதன்மையாகக் கற்பிக்கப்படுகிறது.

கண்ணாடித் தொழிலில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. பிரயாக்ராஜ் மாவட்டத்தின் சங்கர்கட் வட்டாரத்துச் சிலிக்கா மணல் நெடுங்காலமாகக் கண்ணாடி உலைகளுக்குச் செல்கிறது. இத்தகைய மணலில் எளிதில் உருகாத குரோமைட் போன்ற கனிமத்தின் ஒருசில மணிகளே பொருளில் கல்லாகத் தங்கிவிடக்கூடும். ஒரு கிலோவுக்குச் சராசரியாக 4 மணிகள் இருப்பதாகக் கொள்வோம். 100 கிராம் மட்டும் எடுத்துச் சோதித்தால், அதில் ஒரு மணிகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 67 விழுக்காடு. அதாவது மூன்று சோதனைகளில் இரண்டு "தூயது" என்று சான்றளிக்கும். அந்த வாய்ப்பை 5 விழுக்காடாகக் குறைக்க 750 கிராம் வேண்டும். எத்தனை நுண்ணிய கருவியாலும் பைக்குள் வராத மணியைக் காண இயலாது.

ஆகவே வல்லுநரின் துணை தேவைப்படுவது சோதனை முடிந்து ஐயம் எழுந்த பின்பு அன்று. மணலில் மண்வெட்டி படுவதற்கு முன்பு. எதை அறிய வேண்டும், எவ்வளவு பிழையைத் தாங்கலாம், மிகப்பெரிய மணியின் அளவு என்ன என்ற மூன்று கேள்விகளே மாதிரியின் எடையைத் தீர்மானிக்கின்றன. அடிப்படைப் பிழையின் மாறுபாடு மணியின் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது என்று பியர் கீ வகுத்த கோட்பாடு பல பத்தாண்டுகள் பழமையானது. மணல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும், ஓட்டத்தின் முழு அகலத்தையும் குறுகிய இடைவெளிகளில் பலமுறை எடுக்க வேண்டும் என்ற விதிகளும் புதியவையல்ல.

சிறு வார்ப்படச் சாலைகளால் இச்செலவைத் தாங்க இயலாது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் குவியலின் பல இடங்களிலிருந்து சிறுசிறு கூறுகளாக எடுத்துக் கலப்பதற்கு வேண்டியது கருவியன்று, அறிவுரை. அதைச் சோதனைக் கட்டணத்துக்குள்ளேயே வழங்குவது பொதுநிதியில் இயங்கும் கல்வி நிறுவனங்களின் கடமை.

ஆய்வேடுகளும் இக்குற்றத்திலிருந்து விலகி நிற்கவில்லை. கருவியின் பெயருக்கும் மாடலுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்படும் இடத்தில், "மாதிரிகள் சேகரிக்கப்பட்டன" என்ற இரண்டே சொற்களில் முழு அடித்தளமும் கடந்து செல்லப்படுகிறது. நெறியாளர்களும் தேர்வாளர்களும் அந்த இரண்டு சொற்களில் நின்று கேள்வி கேட்கத் தொடங்கினால், அடுத்த தலைமுறை ஆய்வகங்கள் பையை வாங்குமுன் குவியலைப் பற்றி விசாரிக்கும்.