வருஷக் கணக்கை எழுதுவது முதலாளி மட்டுமா?

டிசம்பர் மாதம் வந்துவிட்டால் மில் ஆபீசில் இரவிலும் விளக்கு எரிகிறது. முன்பு லேபர் ஆபீஸ் என்று நாம் சொன்ன அறைக்கு இப்போது எச்.ஆர். என்று பெயர். பெயர் எதுவானால் என்ன, வேலை ஒன்றுதான். ஆஜர் ரிஜிஸ்டர், சம்பள ரிஜிஸ்டர், லீவுக் கணக்கு, பிராவிடண்ட் பண்டு, ஈ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் தூசி தட்டி, சட்டப்படியே வருஷம் முழுதும் நடந்தோம் என்று சர்க்காருக்குக் காட்டத் தயார் செய்கிறார்கள். மார்ச் 31 நெருங்கும்போது இதே பரபரப்பு இன்னொரு தடவை.

தயார் செய்யட்டும். அந்த ரிஜிஸ்டர்களை வைத்தே தீர வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியதில் தொழிலாளி வர்க்கத்தின் போராட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நம் கேள்வி வேறு. அந்த ஏட்டில் ஏறுவது நம்முடைய உழைப்பு. அதை நாம் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறோமா?

2022 டிசம்பரில் எங்கள் வட்டாரத்து நூல் மில் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி சங்க ஆபீசுக்கு வந்தார். ரிங் பிரேமில் வேலை. தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற விவசாயத் தொழிலாளி. மறு வருஷத்துக்குச் சம்பளத்தோடு எத்தனை நாள் லீவு என்று இவர் கேட்டிருக்கிறார். "உனக்கு ஏட்டில் 236 நாள்தான் இருக்கிறது. 240 நாள் ஆகவில்லை. லீவு கிடையாது" என்று பதில் வந்திருக்கிறது.

அவர் கையில் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று இருந்தது. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். உட்கார்ந்து எண்ணினோம். 254 நாள்! வித்தியாசமான 18 நாளும் வார ஓய்வு நாட்கள். ஆள் போதவில்லை என்று கூப்பிட்டு, வேலை வாங்கி, கூலியைக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ரிஜிஸ்டரில் ஏற்றவில்லை.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு. அவர் கணக்குப்படி 13 நாள். நிர்வாகத்தின் கணக்குப்படி பூஜ்யம். காலண்டரை மேஜை மேல் போட்டுப் பேசினோம். இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு 13 நாளையும் கொடுத்தார்கள். ஆனால் அதே ஓய்வு நாட்களில் அவரோடு வேலை செய்த மற்றப் பெண்களிடம் காலண்டர் இல்லை. அவர்களுக்காக நாங்கள் எவ்வளவு வாதாடியும், "ரிக்கார்டு இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் என்ன குடி முழுகிவிடும் என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். முழுகத்தான் செய்கிறது. பணிக்கொடைக்கு ஒரு வருஷ சர்வீஸ் என்று காட்டுவதற்கும் அந்த 240 நாள் கணக்குத்தான் வருகிறது. ஈ.எஸ்.ஐ.யில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று ஆறு ஆறு மாதமாகக் கணக்கு. அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் நோயில் படுக்கும்போது பணம் வரும். தமிழ்நாட்டில் 1981இல் வந்த சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொன்னது. 479ஆம் நாளில் ஆளை வீட்டுக்கு அனுப்புகிற தந்திரம் எதற்கென்று இப்போது புரிகிறதல்லவா?

29 தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. லீவுக்கு 240 நாள் என்றிருந்ததை அதில் 180 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். அது தொழிலாளிக்கு நல்லதே. ஆனால் அதே சட்டங்களில் இன்ஸ்பெக்டருக்கு 'வசதி செய்து கொடுப்பவர்' என்றும் பட்டம் சேர்த்து, கம்ப்யூட்டர் மூலம் சோதனை ஒதுக்கும் முறைக்கும் வழி செய்திருக்கிறார்கள். மில்லுக்குள் வந்து தொழிலாளியின் முகத்தைப் பார்த்து விசாரிப்பது குறையக் குறைய, காகிதம் ஒன்றே சாட்சியாகிவிடும். 180 நாளானாலும் ஏட்டில் ஏறினால்தானே நாள்!

"எல்லாம் விரல் வைக்கும் மெஷினில் இருக்கிறது, தப்பு வராது" என்பார்கள். மெஷினுக்கு வஞ்சகம் தெரியாது, வாஸ்தவம். ஆனால் ஓய்வு நாளில் "விரல் வைக்காமல் உள்ளே போ" என்று சொல்கிறவர் மெஷின் இல்லையே!

கிராமத்துத் தோழர்களுக்கு இது புதிதல்ல. 2005ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை அட்டை தொழிலாளியின் குடும்பத்திடமே இருக்க வேண்டும் என்று வைத்தது. அட்டையை வேறொருவர் வாங்கி வைத்துக்கொண்ட இடங்களில் என்ன நடந்தது என்பதை நாம் கண்ணால் கண்டோம். மில்லிலும் அதே நியாயம்தான். கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதே நாள்.

அந்த அறையில் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாக்கள் மீது நமக்குக் கோபமில்லை. அவர்களும் மாதச் சம்பளக்காரர்கள். மேலிருந்து வரும் உத்தரவை எழுதுகிறார்கள். பல மில்களில் அவர்களுக்கும் ஓவர்டைம் கிடையாது. நேர்மையாக எழுத விரும்புகிற குமாஸ்தாவுக்கும் தொழிலாளி வைத்திருக்கும் கணக்கு பக்கபலம்தான்.

ஆகவே ஆபீஸ் தயாராவது போல நாமும் தயாராவோம். ஆளுக்கொரு நோட்டு வாங்கி, தேதி, ஷிப்டு, கூடுதல் மணி ஆகியவற்றை அன்றன்றே குறிப்போம். சம்பளச் சீட்டைக் கிழித்து எறிய வேண்டாம். நம் சம்பளத்தில் 12 சதவீதம் பிராவிடண்ட் பண்டுக்குப் பிடிக்கிறார்கள். முதலாளியும் அவ்வளவே போட்டு, மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 12 இலக்க எண்ணைப் போட்டால் வீட்டுப் பிள்ளைகளே போனில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

டிசம்பரில் கட்டுக்கட்டாகக் காகிதத்தை நீட்டி "சீக்கிரம் போடு, மிஷின் நிற்கிறது" என்பார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதாத தாளில் ஒருபோதும் போடாதீர்கள். கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியை எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர் படித்த தோழர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தனியொருவரின் நோட்டைக் கிழித்துவிடலாம். ஒரு டிபார்ட்மெண்டில் நாற்பது பேர் நோட்டு வைத்து, மாதக் கடைசியில் சங்கத்தில் உட்கார்ந்து ஒத்துப் பார்த்தால், அந்தக் கணக்கை அழிக்க எந்த ஆபீசாலும் முடியாது. அந்தச் சகோதரி தமக்காக ஒரு பென்சிலால் செய்ததை, இந்த வருஷம் நாம் எல்லோருக்குமாகச் செய்வோம்!