கிதியோன் மேல் என்ன குற்றம்?

வாலிபர் கூட்டங்களில் தவறாமல் வரும் தலைப்பு ஒன்று உண்டு: ‘தாழ்வு மனப்பான்மையை ஜெயிப்பது எப்படி?’ பேச வருகிறவர் யாராயிருந்தாலும் பேச்சு ஒன்றுதான். தேவன் உன்னைத் தம் சாயலில் படைத்திருக்கிறார். நீ ராஜாதி ராஜாவின் பிள்ளை. உன்னை நீயே தாழ்வாக நினைப்பது அவிசுவாசம். அந்த எண்ணத்தைக் கொடுப்பவன் சத்துரு. கண்ணாடி முன் நின்று அறிக்கையிடு, கட்டு அறுந்துபோகும். பிறகு கிதியோன், மோசே, எரேமியா, சகேயு எல்லோரும் வரிசையாக மேடைக்கு அழைக்கப்படுவார்கள். கடைசியில் கைகளை உயர்த்தி ஒரு ஜெபம்.

நம் சபைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் நம்பும் போதனை இது. இதில் பாதி உண்மை என்று மரியாதைக்குச் சொல்லிவைக்கலாம். ஆனால் தன்னைத் தாழ்வாக உணர்கிறவனிடம் ‘உனக்கு விசுவாசமும் குறைவு’ என்று சொன்னால் அவனுக்கு என்ன மிஞ்சும்? நிறம் குறைவு, உயரம் குறைவு, இங்கிலீஷ் குறைவு என்று ஏற்கெனவே வைத்திருந்த பட்டியலில் இன்னொன்று சேருகிறது. அறிக்கையிட்டும் போகவில்லையென்றால், அதுவும் அவன் தப்புதான்.

மேடைக்கு அழைக்கப்படுகிறவர்களையே முதலில் விசாரிப்போம். கிதியோன் கோதுமையைத் திராட்சை ஆலைக்குள் ஒளிந்து போரடித்துக்கொண்டிருந்தான். ஏன்? ஏழு வருஷமாக மீதியானியர் வந்து விளைச்சலையும் ஆடுமாடுகளையும் கொள்ளையிட்டார்கள். ஜனங்கள் மலைக் கெபிகளில் பதுங்கிக் கிடந்தார்கள். அந்த நிலையில்தான் அவன், தன் குடும்பம் மனாசேயில் எளியது, வீட்டில் தான் கடைசி என்று சொல்கிறான். இது மனநோயல்ல, நிலவரம். தேவன் கூடவே இருந்தால் எங்களுக்கு ஏன் இதெல்லாம் நேரிட்டது என்றும் கேட்டுவிடுகிறான். அதற்காக அவனை யாரும் அவிசுவாசி என்று அதட்டவில்லை. மீதியானியரை விரட்டும் வேலை கொடுக்கப்பட்டது. நம் பிரசங்கங்களில் மீதியானியர் காணாமல் போய்விடுகிறார்கள். கிதியோனின் மனசு மட்டும் மேடையில் நிற்கிறது.

மோசேயின் மந்த நாவும் அப்படித்தான். அவன் திரும்பத் திரும்ப மறுத்தபோது தேவனுக்குக் கோபம் வந்தது என்றுதான் எழுதியிருக்கிறது. கோபம் வந்தும் நாவை அவர் மாற்றவில்லை. கூடப் பேச ஆரோனை அனுப்பினார். அறிக்கையிட்டதால் மோசே நாவலனாகிவிடவில்லை. சகேயுவோ இந்த வரிசையில் வரவே கூடாதவர். அவர் குள்ளர் என்று லூக்கா சொல்வது, கூட்டத்தில் இயேசு கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் காட்டத்தி மரத்தில் ஏறினார் என்பதற்காக. குள்ளமாயிருந்ததற்கு அவர் கூசினார் என்று எங்குமில்லை. அவரை எரிகோ ஊர் வெறுத்தது ஆயக்காரருக்குத் தலைவர் என்பதால். உயரத்தைப் பற்றி ஆறுதல் வார்த்தை எதையும் இயேசு சொல்லவில்லை. ஊர் முறுமுறுக்க முறுமுறுக்க அவர் வீட்டில் போய்த் தங்கினார்.

இந்தத் தலைப்புக்கு நேரடியாகப் பொருந்தும் பகுதி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் யாரும் எடுப்பதில்லை: கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், பதினொன்றாம் அதிகாரம். கர்த்தருடைய பந்தி என்று கூடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் குடித்து வெறிக்கிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நிற்கிறார்கள். தாழ்வு மனப்பான்மை பிறக்கும் இடம் என்று காட்ட இதைவிட நல்ல காட்சி வேதத்தில் இல்லை. பவுல் அந்த ஏழைகளைத் தனியே கூப்பிட்டு, ‘நீங்கள் ராஜாவின் பிள்ளைகள், தைரியமாயிருங்கள்’ என்று முகாம் நடத்தவில்லை. சாப்பிட்டவர்களைத் திட்டினார். வீடில்லையா உங்களுக்கு, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்ற பொருளில் கேட்டார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பந்தி முறையையே மாற்றச் சொன்னார். வெட்கம் யாருடையதாயிருந்தாலும் பாவம் வெட்கப்படுத்தினவர்களுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தகுதியில்லாமல் அப்பத்தைப் புசிப்பதைப் பற்றிய எச்சரிக்கையும் இதே அதிகாரத்தில்தான் வருகிறது. அதைத்தான் நாம் பந்தி ஞாயிறுதோறும் வாசித்து, நேற்றுச் சினிமா பார்த்த பையனைப் பயமுறுத்துகிறோம்.

அப்படியானால் விசுவாசம் தாழ்வுணர்ச்சியைப் போக்காதா? போக்கியிருக்கிறது, நம் பக்கத்திலேயே. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்சீலை அணியக் கூடாது என்பது சட்டமும் வழக்கமுமாயிருந்த காலத்தில், 1806இல் மயிலாடிக்கு மிஷனெரி ரிங்கல்தௌபே வந்தார். அவரை வரவழைத்தவர், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த வேதமாணிக்கம். ஞானஸ்நானம் பெற்ற பெண்கள் ரவிக்கை போட ஆரம்பித்தார்கள். 1820களில் சந்தையிலும் தெருவிலும் அந்தத் துணிகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் ஜெப வீடுகளும் கொளுத்தப்பட்டன. 1829இல் அரசு அறிக்கை மேல்சீலையை மறுத்தது. 1859இல்தான், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு, மார்பை மூடும் அனுமதி வந்தது. அந்தப் பெண்களின் கூச்சத்தைப் போக்கியது பள்ளிக்கூடமும் தையலும் ரவிக்கையும், அவற்றுக்காக வாங்கிய அடியும். விசுவாசம் அந்த அடியைத் தாங்கும் பலத்தைக் கொடுத்தது. (அதே நாட்டில் அய்யா வைகுண்டரும் தம் வழிபாட்டிடமான பதியில் கண்ணாடி வைத்தார். ஆனால் அதன் முன் நிற்கும் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரச் சொன்னார். அந்தத் தலைப்பாகை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த ஒன்று. வெறும் கண்ணாடியல்ல அது.)

ஆனால் சபையே தாழ்வைக் கட்டியெழுப்பியதும் உண்டு. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் 1872இல் நடுவில் சுவர் வைத்து, கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரித்துக் கட்டப்பட்டது, வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கும் மற்றவருக்கும் ஒன்று என்று. அந்தத் தடுப்பின் கீழான பக்கத்தில் நின்ற பையனுக்கு என்ன வசனத்தை மனப்பாடம் செய்யக் கொடுத்திருப்பீர்கள்? 1910இல் கௌசானல் சுவாமியார் சுவரை இடித்தார். சுவர் வேண்டுமென்றவர்கள் மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவர் இந்த நூற்றாண்டிலும் சர்ச்சைக்குரியதாகவே இருந்தது. சபைக்குள் தீண்டாமை உண்டென்பதை 2016இல் இந்திய ஆயர் பேரவையின் கொள்கை அறிக்கையே ஒப்புக்கொண்டது. வெளியே அரசாங்கம் பட்டியல் சாதிகள் பற்றிய 1950 ஆணையைக் காட்டி, கிறிஸ்தவனானால் நீ பட்டியல் சாதியில்லை என்கிறது. உள்ளே சபை, கிறிஸ்தவனானாலும் நீ அந்தச் சாதிதான் என்கிறது. மேல்சீலைக் கதையைப் பெருமையாகச் சொல்லும் குடும்பங்களும் கல்யாணப் பேச்சென்றால் முதலில் சாதியை விசாரிக்கின்றன, அடுத்து நிறத்தை. இதற்கு நடுவில் வளரும் பிள்ளை தன்னைத் தாழ்வாக நினைத்தால் அது சத்துருவின் வேலையாம்.

எல்லாத் தாழ்வுணர்ச்சியும் சாதியால் வருவதல்ல என்பது தெரியும். திக்குவாயும் முகப்பருவும் உண்டு. ஜெபத்தில் ஆறுதல் கண்டவர்களும் உண்டு, அதை யாரும் பிடுங்க வேண்டாம். ஆனால் திக்குகிற பிள்ளை கூசுவதும், வேத வாசிப்புக்கு அவன் எழுந்தபோது பின்பெஞ்சில் எழுந்த சிரிப்பினால்தான்.

‘ராஜாவின் பிள்ளை’ என்ற மருந்திலும் எனக்குச் சங்கடமுண்டு. உயர்ந்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதற்காக நிமிர்ந்து நட என்பதுதானே சாதிப் பெருமையின் சாரமும்? பெயரை மாற்றி அதையே கொடுக்கிறோம். மரத்தச்சரின் வீட்டில் வளர்ந்து, சீடரின் கால் கழுவியவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு இந்த ராஜ வம்சப் பேச்சு எதற்கு?

அடுத்த முறை இந்தத் தலைப்பில் பேச உங்களை வாலிபர் கூட்டத்துக்கு அழைத்தால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுத்துவிடுங்கள். பதிலுக்குச் சபைக் கமிட்டிக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை, அசன விருந்தில் யார் பரிமாறுகிறார்கள், யார் இலை எடுக்கிறார்கள், கமிட்டியில் எந்தத் தெருக்காரர் இதுவரை ஒருவர்கூட இருந்ததில்லை என்று அங்கே கேளுங்கள்.