உள்ளே போட்டால் திருந்துவானா?

“ஒருக்கா உள்ளுக்குப் போய் வந்தாத்தான் புத்தி வரும்.” சந்தியில் நிற்கும் பெடியனைப் பற்றி நம்மவர்கள் வழங்கும் தீர்ப்பு இது. பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கிறேன். இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் இடத்திலும் கேட்கிறேன். 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் பொலிஸார் நாடெங்கும் ஆயிரக்கணக்கானோரைக் கைதுசெய்தபோது கைதட்டியவர்களில் நம் பேனாக்காரர்களும் இருந்தார்கள். இந்தத் தீர்ப்பு பிழையானது. பிழை மட்டுமல்ல, அதுவே அந்தப் பிள்ளையை இரண்டாம் முறை குற்றவாளியாக்குகிறது என்பதே என் வாதம்.

உள்ளே போகிறவர்கள் யார்? தடுப்பிலுள்ள சிறுவர்களின் மனநலம் பற்றி 19 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021இல் ஒரு மதிப்பீடு வெளியானது. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் அடங்குவர். பையன்களில் பத்தில் ஒருவருக்கும் பெண் பிள்ளைகளில் நால்வரில் ஒருவருக்கும் கடும் மனச்சோர்வு. ஒரு விடயத்தில் மனதை நிறுத்தவோ கைகால்களை அடக்கவோ இயலாத கவனக்குறைவுக் கோளாறு இரு பாலாரிலும் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு. பட்ட அதிர்ச்சியை மனம் மீண்டும் மீண்டும் வாழும் நோய் பையன்களில் நூற்றுக்கு 8.6, பெண் பிள்ளைகளில் 18.2. இல்லாத குரல் கேட்கும் அளவுக்கு மனம் பிறழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர். வெளியில் இதே வயதுப் பிள்ளைகளிடம் இவ்வளவு நோய் இல்லை.

“களவெடுத்தவனுக்கெல்லாம் ஒரு நோய்ப் பெயர் வைத்தால் குற்றம் என்று ஒன்றுமே இராதே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதே மதிப்பீட்டில் ‘நடத்தைக் கோளாறு’ என்று குறிக்கப்பட்டவர்கள் பாதிக்கும் மேல். சண்டை, களவு, பொய் இவற்றை வைத்தே அந்தப் பெயர் இடப்படுவதால் அதை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அதை நீக்கிய பின்னும் மேலே சொன்ன எண்கள் அப்படியே நிற்கின்றன. மனநோய் உள்ளவன் எல்லாம் குற்றவாளி என்றும் நான் சொல்லவில்லை. பெரும்பாலானோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. மனச்சோர்வுள்ள பிள்ளை பெரும்பாலும் தன்னையே வருத்திக்கொள்கிறது. மீண்டும் குற்றத்துக்கு இழுப்பவை முக்கியமாகத் தன்னடக்கத்தைக் குலைக்கும் கோளாறுகளும், அவற்றோடு சேரும் போதையும்தான்.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வகுப்பில் அரை மணி நேரம் இருக்க முடியாதவனைப் பாடசாலை பின்வாங்கிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து வீதிக்கும் அனுப்புகிறது. வீதியில் அவனை ஏற்றுக்கொள்பவர்கள் அவனைவிட மூத்தவர்கள். பிடிபடுகிறான். வரிசையில் நில், பேசாதே, அசையாதே என்பதே அங்கு சட்டம். அவனால் இயலாத காரியமும் அதுதான். ஆகவே அங்கேயும் தண்டனை. வெளியே வந்ததும் நன்னடத்தை உத்தியோகத்தரைச் சந்திக்கும் திகதியை மறக்கிறான். வழக்குத் தவணைக்குப் போகாவிட்டால் பிடியாணை. இன்னொருவன் இரவெல்லாம் உறக்கமற்றவன். தோளில் யாராவது கை வைத்தால் அடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பான். அவனுக்கு ‘ஐஸ்’ விற்பவன் மட்டும் நேரம் தவறாமல் வருகிறான். “திருந்தாத ஜென்மம்” என்று ஊர் சொல்கிறது.

அடைத்து வைப்பது திருத்துமா என்பதற்கும் விடை இருக்கிறது. அமெரிக்காவின் சிக்காகோவில் நீதிமன்றுக்கு வந்த சுமார் 35,000 இளையோரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வெளியானது. வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது அங்கே பெரும்பாலும் தற்செயல். கடுமையான நீதிபதியிடம் போனவன் அடைக்கப்பட்டான்; அதே போன்ற இன்னொருவன் வீட்டுக்குப் போனான். அடைக்கப்பட்டவர்களே அதிகமாகப் படிப்பை இழந்தார்கள். வளர்ந்த பின் சிறைக்குப் போனவர்களும் அவர்களில்தான் அதிகம். மருந்தின் கதை வேறு. சுவீடனில் கவனக்குறைவுக் கோளாறு உள்ள 25,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். அவர்கள் மருந்து எடுத்த காலங்களில் குற்றச் செயல்கள் ஆண்களில் 32 வீதமும் பெண்களில் 41 வீதமும் குறைவாக இருந்தன. மறியல் கூட்டியதை மாத்திரை குறைத்திருக்கிறது.

நம் நாட்டில் சிறுவருக்கும் இளையோருக்குமான கட்டளைச் சட்டம் 1939இல் பிறந்தது. பதினாறு வயதைக் கடந்தவனை அது நெடுங்காலம் வளர்ந்தவனோடு சேர்த்தே எண்ணியது. எட்டு வயதுப் பிள்ளையைக் குற்றவாளி என்று சொல்ல இடம் தந்த தண்டனைச் சட்டக்கோவை, அந்த எல்லையைப் பன்னிரண்டாக உயர்த்தியது 2018இல்தான். பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளை என்றால், செய்ததை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அதற்கு இருந்ததா என்று சட்டம் கேட்கிறது. வழக்குக்கு முன் இப்படி மனதைப் பற்றிக் கேட்கத் தெரிந்த நமக்கு, உள்ளே போன பின் அந்த மனதுக்கு என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அரசை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது. ‘அங்கொடை’ என்ற ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கியவர்கள் நாம். மகன் மறியலில் இருந்தால் “கட்டாருக்குப் போயிருக்கிறான்” என்று சொல்லிச் சமாளிக்கலாம். மனநலக் கிளினிக் வரிசையில் உம்மாவை ஒருவர் கண்டுவிட்டால் எதைச் சொல்லிச் சமாளிப்பது? “விசர்க் குடும்பம்” என்று பெயர் வந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வருமா? ஆகவே தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம், நூல் கட்டுகிறோம், அதுவும் சரிவராவிட்டால் பொலிஸில் ஒப்படைக்கிறோம். ஓதிப் பார்ப்பதை நான் பழிக்கவில்லை. அதோடு வைத்தியரிடமும் காட்டுவதை மார்க்கம் எங்கே தடுத்தது?

இனி நம் எழுத்து. 1990இன் வெளியேற்றத்தை எழுதினோம், 2004இன் கடல்கோளை எழுதினோம். நம் பிள்ளை பாதிக்கப்பட்டவனாக இருக்கும்போது நம் பேனா அழுகிறது. அவனே குற்றஞ்சாட்டப்பட்டவனாகி நிற்கும்போது பேனா மூடிக்கொள்கிறது. எழுதினாலும் ஒரே கதைதான். கெட்டுப்போன மகன், கண்ணீர் வடிக்கும் உம்மா, ஒரு பெரியவரின் புத்திமதி. கடைசிப் பந்தியில் அவன் தொப்பி அணிந்து முதல் ஸப்பில் நிற்கிறான். அல்லது மையித்தாகக் கிடக்கிறான். இந்தக் கதைக்கு நாம் பரிசும் கொடுக்கிறோம். அந்த மகனுக்கு இரவில் உறக்கம் வந்ததா, காதில் என்ன கேட்டது, ஏன் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை என்று எந்தக் கதாசிரியர் கேட்டார்? திருந்தியவனும் செத்தவனும் நமக்கு வசதி. திருந்தாமல், சாகாமல், மூன்றாம் முறையும் நீதவான் முன் நிற்பவனை என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை.

கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. தடுப்பு இல்லத்துக்கோ சான்றுபெற்ற பாடசாலைக்கோ வரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதல் வாரத்திலேயே மனநலம் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். தமிழ் பேசும் பிள்ளை தன் உள்ளத்தைத் தமிழிலேயே சொல்ல ஆள் வேண்டும். காவலாளியின் மொழிபெயர்ப்பில் எந்தப் பிள்ளை தன் பயத்தைச் சொல்லும்? விடுதலையாகும் நாளில் சொந்த ஊர் வைத்தியசாலைக்கு ஒரு கடிதமும் கிளினிக் திகதியும் கையில் இருக்க வேண்டும். அந்தத் திகதியை அவனுக்கு ஞாபகப்படுத்தி அழைத்துப்போக மஹல்லாவில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். ஜனாஸாவுக்கு ஓடிவரும் ஊருக்கு மாதத்தில் ஒரு காலைப்பொழுது பெரிய பாரமா?

இதையெல்லாம் செய்த பிறகும் ஒருவன் திருந்தாவிட்டால், அப்போது அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுங்கள். அதுவரை அந்தத் தேநீர் மேசைத் தீர்ப்பை நிறுத்திவைப்போம்.