தறிக்குழிக்கு உண்டு அளவு, சைக்கிளுக்கு?

இளம்பிள்ளையில் எனக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவர், தம்முடைய மகன் முதன்முதலாகக் குழித்தறியில் உட்கார்ந்த நாளன்று, பையனைக் குழிக்குள் காலைத் தொங்கவிடச் சொல்லி, மிதிபலகையின்மேல் பாதம் படிகிறபோது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று குனிந்து பார்த்து, இரண்டு கூடை மணலைக் கொண்டுவந்து குழியின் அடியில் கொட்டி மேடாக்கி, அதற்குப் பிறகே நாடாவை அவன் கையில் கொடுத்தார். அந்த விவேகத்தை மெச்சிக்கொண்டு வெளியே வந்த நான், அன்று மாலையே அதே பெரியவர், பாவு மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, சீட்டு அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்த பழைய சைக்கிள் ஒன்றில், முழங்கால்கள் வயிற்றைத் தொட்டுவிடும் போல மிதித்துச் செல்வதைக் கண்டேன். "வயசாயிருச்சு தம்பி, முட்டி சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார்.

வயதின்மேல் பழியைப் போடுவது சுலபம். வயது மறுத்துப் பேசாது. ஆனால் சைக்கிள் ஓட்டுபவரின் முழங்கால் வலிக்கு, பெரும்பாலும் சரீரத்துக்கும் யந்திரத்துக்கும் இடையே அளவு பொருந்தாமையே காரணம் என்பது என் அபிப்பிராயம். இந்த உண்மையை மற்றெந்த வண்டியையும் விடத் துலக்கமாகக் காட்டுவது, அண்மைக் காலத்தில் பெருநகரத்து இளைஞர் சிலர் ஆசையோடு ஓட்டிவரும் ஃபிரீவீல் இல்லாத சைக்கிள்.

நாம் ஓட்டும் சாதாரண சைக்கிளில், மிதிப்பதை நிறுத்தினாலும், பின்சக்கரத்தில் உள்ள ஃபிரீவீல் கிர்ரென்று ஓசையிட்டுக்கொண்டு சக்கரத்தைத் தன் போக்கில் உருள விடுகிறது, கால் இளைப்பாறுகிறது. ஃபிரீவீல் இல்லாத வண்டியிலோ பல்சக்கரம் பின்சக்கரத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றே தீரும். குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டியைச் சரிவில் விட்டால் பெடல் கணுக்காலை அடிக்கிறதல்லவா, அதே விதிதான். ஒரு மிதியை அழுத்தினால் மற்றொன்று தானே எழும்பிக் காலைத் தூக்கும் குழித்தறியில் உழைத்தவர்களுக்கு இந்தப் பந்தம் புதிதன்று. ஆனால் நெசவாளர் விரும்பியபோது மிதியை நிறுத்தலாம். ஓடும் வண்டியில் அந்தச் சுதந்திரம் இல்லை.

முழங்காலின் முன்புறத்தில் இருக்கும் சில்லு, தொடைத் தசையின் இழுவிசையைக் கீழ்க்காலுக்குக் கடத்தும் கப்பியைப் போன்றது. முழங்கால் மிகுதியாக மடங்கிய நிலையில் பலமாக உந்தினால், அந்தச் சில்லு தொடையெலும்பின்மேல் அதிகமாக அழுந்துகிறது. முன்னே 48 பல்லும் பின்னே 16 பல்லும் உள்ள வண்டி, பெடல் ஒரு முறை சுற்றினால் ஏறத்தாழ 6.3 மீட்டர் நகரும்; பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒவ்வொரு முழங்காலும் ஏறக்குறைய 1,600 தடவை மடங்கி நிமிர வேண்டும். ஃபிரீவீல் வண்டியில் இவற்றுள் சில சுற்றுகளையேனும் சரிவும் வேகமும் நமக்குத் தள்ளுபடி செய்யும். பிணைந்த வண்டியில் ஒன்றுகூடத் தள்ளுபடி இல்லை. போதாக்குறைக்கு, பிரேக் இல்லாமல், சுழலும் பெடலைக் காலாலேயே எதிர்த்து நிறுத்துவதை ஒரு சாகசமாகக் கருதுபவர்களும் உண்டு. அப்போது தொடைத் தசை, நீண்டுகொண்டே இறுக வேண்டிய இரட்டைப் பிரயாசைக்கு ஆளாகிறது.

நிவாரணத்துக்குப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. சுவரில் சாய்ந்து சீட்டில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அந்த மடக்கு 25 முதல் 35 பாகை வரை இருப்பது நல்லது என்பர் வல்லுநர். வலி தோன்றும் இடமும் காரணத்தைக் குறிப்பாகச் சொல்லும்: முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வு அல்லது பல்சக்கர விகிதம் கனம், பின்புறம் வலித்தால் சீட்டு மிக உயரம், பக்கவாட்டில் வலித்தால் பாதம் பெடலில் கோணலாகப் பதிந்திருக்கலாம். பிணைந்த சக்கரம் ஓட்டுவோர் இவற்றோடு, பின்னே இரண்டு பல் கூடுதலான சக்கரத்தைப் பூட்டிச் சுமையைக் குறைத்து, முன்சக்கரத்துக்குத் தவறாமல் பிரேக் வைத்து, முதற் பத்து நிமிஷம் மெதுவாக மிதித்துத் தசைகளைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கஞ்சமலையைச் சுற்றிய சமவெளிச் சாலைக்கு இது போதும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டுச் சாலையில் அந்த வண்டியோடு இறங்குவது வீரமன்று, அவிவேகம்.

வீரத்தைப் பற்றிய மயக்கம் நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று. பிரான்ஸைச் சுற்றும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தை 1903இல் தோற்றுவித்த ஆன்ரி தெக்ரான்ஜ், பல் மாற்றும் கருவி 45 வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்று இகழ்ந்தவர். 1937இல்தான் அந்தக் கருவிக்கு அப்பந்தயத்தில் முழு அனுமதி கிடைத்தது. அதற்கு நேர்மாறாக, பந்தய வீரர் எட்டி மெர்க்ஸ் 1972இல் மெக்ஸிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிப் படைத்த சாதனை பிணைந்த சக்கரத்தில்தான் நிகழ்ந்தது. ஆனால் அது வழுவழுப்பான பந்தயத் தடம், குறுக்கே ஆடு வராது, தறிப்பட்டறை வாசலில் லாரி நின்று வழிமறிக்காது. வண்டி தனக்குரிய இடத்தில் ஓடும்போது அழகாக இருக்கிறது. இடம் மாறினால் முழங்கால் அதற்கு வட்டி கட்டுகிறது.

வலி வந்துவிட்டால் வீம்பு காட்டாமல் சில நாள் தூரத்தைக் குறைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் ஒத்தடமாகக் கொடுத்து, வலி தணிந்தபின் படுத்தபடி காலை நேராகத் தூக்கி இறக்கும் எளிய அப்பியாசத்தால் தொடைத் தசைக்குப் பலம் சேர்ப்பது பெரும்பாலோருக்கு உதவும். முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமற்போனாலோ, நடக்கையில் தளர்ந்து சரிந்தாலோ, இரவில் உறக்கத்தைக் கெடுத்தாலோ, தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போவதே முறை. எழுந்து நடக்க இயலாத முதியோர்க்கு 2021இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது என்பதையும் நம் ஊரார் மறக்கலாகாது.

"சைக்கிளே முட்டிக்குப் பகை, விட்டுவிட்டால் தீர்ந்தது" என்பாரும் உளர். உடலின் பெரும்பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்வதால், மூட்டுத் தேய்ந்தவர்களுக்கும் மிதமான சைக்கிள் ஓட்டத்தை மருத்துவர்கள் சிபாரிசு செய்வதுண்டு. பகை அளவுப் பிழையே அன்றி வண்டி அன்று. அப்படியானால் நம் மக்கள் சீட்டை ஏன் இறக்கியே வைத்திருக்கிறார்கள்? நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்ற அச்சமே காரணம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னே இறங்கி ஒரு காலை ஊன்றும் பழக்கம் வந்துவிட்டால் அந்த அச்சம் அகலும். இதைக் கற்பிக்க ஒரு பிற்பகல் போதும்.

ஆதலால் நான் கேட்பது சிறிய காரியம். 2001இல் மாணவியர் சிலருக்கென்று தொடங்கிப் பின்னர் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டத்தில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வண்டி வழங்கும் நாளில், மேடைப் பேச்சின் நேரத்தைச் சற்றே சுருக்கி, உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஒரு ஸ்பேனருடன் நின்று, ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றி உட்கார்த்தி, அவரவர் காலுக்கேற்பச் சீட்டை உயர்த்திக் கொடுக்கட்டும். தண்டில் பொறித்த எல்லைக் கோட்டுக்கு மேல் உயர்த்தலாகாது என்பதையும் சொல்லிவைக்கட்டும். நான்கடி எட்டங்குலப் பெண்ணும் ஆறடிப் பையனும் ஒரே உயரச் சீட்டில் உட்கார்ந்து வளர்வதைப் போன்ற சமத்துவம் யாருக்கும் வேண்டாம்.

பெரியவரை மறுவாரம் கடைத்தெருவிலிருந்த சைக்கிள் கடைக்கு அழைத்துப்போனேன். சீட்டு மூன்று விரற்கடை உயர்ந்தது. தேநீர்க் கடைவரை ஓட்டித் திரும்பியவர், முட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "நிறுத்துறப்பதான் தம்பி, கால் எட்டலை" என்று குறைபட்டுக்கொண்டார். மகனுக்கும் முதல் நாள் மிதி எட்டவில்லைதானே என்றேன். சற்று யோசித்துவிட்டு, சீட்டை இறக்கச் சொல்லாமலே ஏறிப்போனார்.